கண்ணாடித் தொட்டியில் ஒரு பொன்மீன்: புக்கிட் மேரா கெலிசாவின் வரலாறு

தோற்றுவாய்

மீனைப் பிடித்து உண்பது மாந்தர் கண்ட தொழில்களுள் மிகப் பழைமையானது. மீனைப் பிடித்து, உண்ணாது, வீட்டினுள் வைத்துப் பார்த்து மகிழ்வதோ அதற்கு மிகவும் பிற்பட்ட வழக்கம். பேராக் மாநிலத்தின் வடபுலத்தில் உள்ள புக்கிட் மேரா ஏரியின் கெலிசா மீன், முன்னதிலிருந்து பின்னதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மாறிவிட்டது. ஒரு காலத்தில் குழம்புச் சட்டிக்குப் போன மீன், இன்று பூட்டிய தொட்டியில், சான்றிதழுடன் வாழ்கிறது.

ஈப்போ, தைப்பிங், பாகான் செராய் முதலிய ஊர்களில் தமிழர் இல்லங்களின் முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காண்பது இந்நாளில் அரிதன்று. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்பு நிலங்களாகியும் போன பின்னர், லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. தோட்டத்தில் ஆற்றோரமும் அல்லூரோரமும் தூண்டிலுடன் திரிந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று தொட்டியின் முன் அமர்ந்து மீனைப் பார்க்கின்றனர். அம்மீன் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் வினவினால், “கடையிலிருந்து” என்னும் விடையே பெரும்பாலும் வரும். அவ்விடை பொய்யன்று, ஆயின் பாதி விடையே. எஞ்சிய பாதியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீனைப் போற்றிய மரபுகள்

தமிழருக்கு மீன் வெறும் உணவன்று. பாண்டியர் தம் கொடியிலும் காசிலும் கயலைப் பொறித்தனர். மருதத்திணைப் பாடல்களில் வாளையும் வராலும் துள்ளாத வயல் இல்லை என்னலாம். வேட்டை மீனைப் பற்றிய நூலறிவும் இந்திய நாட்டில் பழைமையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல், தூண்டில் வேட்டையை அரசர்க்குரிய பொழுதுபோக்காக வகுத்து, மீன்களின் இனங்களையும் அவற்றிற்கு இடவேண்டிய இரையையும் விரித்துரைக்கிறது.

பெரிய மீனைக் கொல்லாது காக்கும் மரபும் உடன் வளர்ந்தது. கருநாடகத்துச் சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் பெரிய கெண்டையின மீன்கள் கோயிலைச் சார்ந்தவையாகக் கருதப்பட்டு, பிடிப்பாரின்றிக் கூட்டமாய்த் திரிகின்றன. தாமிரபரணி இறங்கிவரும் பாபநாசத்துப் படித்துறையிலும் மீனுக்குப் பொரியிடுவது அடியார்களின் வழக்கம். இங்கெல்லாம் மீனுக்கு வேலியில்லை, கண்ணாடியில்லை. ஆறு திறந்தே கிடக்கிறது. மீனைக் காப்பது, பிடிப்பதில்லை என்று மனிதர் தம் கைக்கு இட்டுக்கொண்ட தடையேயாகும்.

பேராக் மாநிலத்திலேயே இதற்கு அழகியதொரு சான்று உண்டு. பேராக் ஆற்றங்கரையில் லம்போர் பகுதி மலாய் மக்களிடையே தோக் காடோக் என்பாரைப் பற்றிய கதை ஒன்று வழங்குகிறது. வறுமையில் உழன்ற அவர் ஒருநாள் தாப்பா மீன் ஒன்றைப் பிடித்து வயிற்றைக் கீற, உள்ளே பொன் இருந்ததாம். தமக்கு வாழ்வளித்த மீனுக்கு நன்றியாகத் தாமும் தம் வழியினரும் தாப்பா மீனை இனி உண்பதில்லை என அவர் சூளுரைத்தாராம். அவர் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் அம்மீனை இன்றும் உண்பதில்லை. தாப்பா என்பது நம் சங்கப் பாடல்கள் கூறும் வாளைக்கு நெருங்கிய உறவான பெருமீன். தாப்பா நகரின் பெயரையும் இம்மீனோடு சேர்த்தே சொல்வர்.

தாப்பாவின் வயிற்றில் பொன்னைக் கண்டவர் அம்மீனைத் தொடாது விட்டார். கெலிசாவின் செதிலில் பொன்னைக் கண்டவர்கள் என்ன செய்தனர் என்பதை இனிக் காண்போம்.

எலும்பு நாக்கு மீனின் குலம்

கெலிசாவை வணிகர்கள் அரோவானா என்பர். 1840-இல் மியூலர், சிலேகல் என்னும் இரு விலங்கியலார் இதனை அறிவியலுலகிற்கு அறிமுகம் செய்தனர். அறிவியலில் இதன் பெயர் ‘இசுகிலெரோபேஜசு பார்மோசசு’ என்பதாகும். இதன் குலத்தை எலும்பு நாக்கு மீன்கள் என வழங்குவர். நாவில் பற்கள் பொருந்திய எலும்பு அமைந்திருப்பதே காரணம். நீண்டு தட்டையான உடல், பெரிய ஓட்டுச் செதில்கள், மேல்நோக்கிச் சரிந்த வாய், கீழ்த்தாடை நுனியில் இரண்டு மீசைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். நன்கு வளர்ந்த மீன் 90 சென்டிமீட்டர் வரை நீளும்.

நீரின் மேற்பரப்பே இதன் வேட்டைக்களம். பூச்சி, தவளை, சிறுமீன் ஆகியவற்றை நீர்மட்டத்தில் பற்றும். கிளையில் அமர்ந்த வண்டையும் நீரைவிட்டு எம்பிக் கவ்வும். தூண்டில்காரர்கள் இதனை வேட்டை மீன்களுள் ஒன்றாக மதித்ததற்கு இப்பாய்ச்சலே காரணமாகும். கெலா, தோமான், செபாராவ் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நன்னீர் வேட்டை மீன் இது.

இக்குலம் மிகப் பழைமையானது. இதன் உறவினர் தென்னமெரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் உள்ளனர். கடல் கடந்து நீந்த இயலாத நன்னீர் மீன் இத்துணைத் தொலைவுக்குப் பிரிந்தது எங்ஙனம்? யோசினோரி குமசாவா, முட்சுமி நிசிடா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் 2000-இல் இதற்கு ஒரு கருதுகோளை முன்வைத்தனர். தென் கண்டங்கள் ஒன்றாய் இருந்த பண்டைக் காலத்தில் தோன்றிய கெலிசாவின் முன்னோர், பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தியத் துணைக்கண்டத்தோடு பயணம் செய்து ஆசியாவை அடைந்திருக்க வேண்டும் என்பது அவர்தம் முடிபு. எலும்பு நாக்கு மீன்களின் புதைபடிவங்கள் இந்திய நாட்டுப் பாறைகளிலும் கிடைத்துள்ளன. இக்கருதுகோள் மெய்யாயின், இந்தியாவிலிருந்து இந்நிலத்துக்கு வந்து குடியேறிய உயிர்களுள் நமக்குப் பல கோடி ஆண்டுகள் மூத்தது இம்மீன் எனலாம்.

கெலிசாவின் தலைவிதியை வகுத்த பண்பு வேறொன்று. இனப்பெருக்கத்துக்கு இது மூன்று நான்கு ஆண்டுகள் வளர வேண்டும். கெண்டை இனங்கள் முட்டைகளை இலட்சக்கணக்கில் இட, கெலிசா ஒரு முறைக்குச் சில பத்து முட்டைகளையே இடும். அம்முட்டைகளை ஆண்மீன் தன் வாயினுள் ஏந்திக் காக்கும். குஞ்சுகள் தாமே நீந்தும் வரை, ஒரு மாதத்துக்கு மேலாக, தந்தை தன் பசியை அடக்கிக்கொண்டு மக்களை வாயில் சுமக்கும். வேறு பகைவரிடமிருந்து குலத்தைக் காத்த இவ்வொழுக்கமே மனிதரிடம் அதனைக் காட்டிக்கொடுத்தது. ஓர் ஆண்மீனைப் பிடித்து வாயைத் திறந்தால், ஓராண்டின் குஞ்சுகள் அனைத்தும் பிடித்தவர் கைக்கு வந்துவிடும்.

கிரியான் நிலமும் ஏரியும்

1874-இல் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னர்ப் பேராக் ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்தது. லாருட்டும் கிந்தாவும் ஈயத்தால் பெயர் பெற்றன. கிரியான் கரும்பாலும் நெல்லாலும் பெயர் பெற்றது. கிரியான் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டுவதும் கரும்பு நடுவதும் அவர்தம் பணி. காய்ச்சலாலும் வயிற்று நோயாலும் மாண்டவர் பலர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. அதற்குள் கரும்பு பின்வாங்க, இரப்பர் அவ்விடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பின்னர்க் கங்காணி முறையில் ஆள் வந்தனர். அதனையும் இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது.

நெல்லுக்கு நீர் வேண்டும். மழையை மட்டும் நம்பிய கிரியான் வயல்கள் வறட்சியில் பொய்த்தன. ஆதலின் குராவ் ஆற்றை அணையிட்டுத் தேக்கும் பெரும்பணி தொடங்கப்பெற்று 1906-இல் நிறைவெய்தியது. அங்ஙனம் பிறந்ததே புக்கிட் மேரா ஏரி. இந்நாட்டின் முதற்பெரும் நீர்ப்பாசனத் திட்டமாக எண்ணப்படும் அதன் நீர், கிரியான் சமவெளியில் 20,000 எக்டேருக்கு மேற்பட்ட வயலுக்குப் பாய்கிறது. வடக்கே செல்லும் இருப்புப்பாதையும் அவ்வேரியின் குறுக்கே கரையெடுத்து இடப்பட்டது. அக்காலத்து இருப்புப்பாதை, சாலை, பொதுப்பணி ஆகியவற்றில் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை பெரும்பங்கு கலந்தது என்பதை வரலாறு கற்றோர் அறிவர். 2010-களில் இரட்டை மின் இருப்புப்பாதை அமைந்தபொழுது, ஏரியின்மேல் ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளப் பாலம் எழுந்தது. இன்று ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் செல்லும் பயணி, கெலிசாவின் தாயகத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்.

ஏரி மனிதர் ஆக்கியதாயினும், அதன் நீர் கெலிசாவுக்கு உகந்ததாய் இருந்தது. சுற்றிலும் சதுப்புக் காடு; இலைமக்கிய தேநீர் நிறத் தண்ணீர்; கரையோரம் ராசாவ் எனப்படும் தாழையினப் புதர்கள். புதரிடையே பதுங்கி, மாலையில் வெளிவந்து பூச்சி பிடிக்கும் மீனுக்கு இதனினும் நல்ல இடம் வேறில்லை. பகாங், திரெங்கானு, ஜொகூர் நீர்களில் பச்சை நிறக் கெலிசா உண்டு. கலிமந்தானின் கப்புவாசு ஆற்றில் செந்நிறக் கெலிசா உண்டு. புக்கிட் மேராவில் வாழ்வதோ பொன்னிறக் கெலிசா. அதன் பொன்னொளி விலாவில் நின்றுவிடாமல் முதுகையும் தாண்டி மறுபக்கம் இறங்கும். உலகச் சந்தை முதலிடம் தந்தது இவ்வியல்புக்கே.

உணவுமீன் பொன்மீனானது

கெலிசா முற்காலத்தில் விலைபெற்ற மீனன்று. முள் மிகுதி, சுவையிலும் பிற மீன்களுக்கு முந்தியதன்று. விரால், கெளுத்தி, செப்பாட் ஆகியவற்றோடு வலையில் விழுந்தால் உண்டனர், அவ்வளவே.

அதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் மீன் வளர்ப்பு வீட்டுக்குள் புகுந்திருந்தது. சீன நாட்டில் சோங் அரசர் காலத்திலேயே தங்கமீன் குளங்களில் வளர்க்கப்பெற்றது. கண்ணாடித் தொட்டியை மக்கள் பார்வைக்கு வைத்தவர் ஆங்கிலேயர். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் காசு என்பார் எழுதிய நூல் வீடுதோறும் அவ்வழக்கத்தைப் பரப்பியது. பின்னர் மின்சாரத்தால் இயங்கும் காற்றுக்குழாயும் வடிகட்டியும் வந்தமையால், சிறுமீனுக்கு மட்டும் இடந்தந்த தொட்டி பெருமீனுக்கும் இடந்தரலாயிற்று.

சீனர் பண்பாட்டில் பறவைநாகம் நற்பேற்றின் சின்னம். பொன்னிறச் செதிலும் மீசையும் உடைய கெலிசாவில் அவர்கள் பறவைநாகத்தின் சாயலைக் கண்டு, ‘லோங் யூ’, அஃதாவது நாகமீன், எனப் பெயரிட்டனர். கடையில் வைத்தால் வணிகம் செழிக்கும், வீட்டில் வைத்தால் தீங்கு அணுகாது என்னும் நம்பிக்கை தைவான், ஹாங்காங், சிங்கப்பூர், ஜப்பான் ஆகிய இடங்களில் பரவியது. அந்நாடுகள் தொழில் வளத்தால் செழித்த 1970-களிலும் 1980-களிலும் நம்பிக்கையோடு பணமும் சேர்ந்தது. சில வெள்ளிக்கும் பெறாதிருந்த மீன் ஆயிரக்கணக்கில் விலை போயிற்று. புக்கிட் மேராவின் கரையோரச் சிற்றூரார் பலருக்கு அது திடீரென வந்த வாழ்வு. அவர்களைக் குறைகூறுவது முறையன்று. நாள்முழுதும் வலைவீசிப் பெறும் கூலியினும் பன்மடங்கு, ஒரு குஞ்சு தருமாயின், வறியவர் அதனை விடுவாரா?

வள்ளுவர் சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். அம்முள்ளின் இரும்பைக் குறிக்க அவர் ஆண்ட சொல் ‘பொன்’ என்பது. கெலிசாவின் வரலாற்றில் பொன்னை விழுங்கியது மீன் மட்டுமன்று, சந்தையும் விழுங்கியது. தைப்பிங் நகரில் 2004-இல் அலங்கார மீன் வணிகர் ஒருவர் கொல்லப்பட்டு, விலைமிக்க மீன்கள் களவு போயின. எமிலி வோய்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் கெலிசாவைப் பற்றி எழுதி 2016-இல் வெளியிட்ட நூல் அந்நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறது. ஒரு மீனின் பொருட்டு மனித உயிர் போகும் அளவுக்கு விலை ஏறியிருந்தது.

சட்டமும் பண்ணையும்

அருகிவரும் உயிர்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் வாசிங்டன் உடன்படிக்கை 1973-இல் கையெழுத்தாகி, 1975-இல் நடப்புக்கு வந்தது. கெலிசா அதன் முதற் பட்டியலில் இடம்பெற்றது. அஃதாவது, காட்டு நீரில் பிடித்த கெலிசாவை நாடு கடத்தி விற்பது தடுக்கப்பட்டது. மலேசியா 1977-இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1976-இல் கெலிசாவைத் தம் அழிநிலை உயிர்களின் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தன. அங்கு இதனை வீட்டு மீனாக இறக்குமதி செய்ய இன்றும் இயலாது.

சட்டம் வேண்டியதே. ஆயினும் ‘அரியது’ என்று சட்டமே முத்திரையிட்ட பொருளின்மேல் செல்வர்க்கு ஆசை மிகுவது உலகியல்பு. கள்ளச் சந்தை பெருகியது. அதற்கு மாற்றாகவே பண்ணை எழுந்தது. தாய்மீன்களைக் குளத்தில் வளர்த்து, அவற்றின் குஞ்சுகளும் பெருகி அடுத்த தலைமுறையைத் தரவல்லவை எனக் காட்டும் பண்ணைகள், உடன்படிக்கையின்கீழ்ப் பதிவுபெற்று வெளிநாடுகளுக்கு விற்கலாம் என்னும் வழி 1990-களின் நடுவில் கெலிசாவுக்குத் திறந்தது. இந்தோனேசியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய மூன்று நாடுகளிலும் பண்ணைகள் தோன்றின. ஒவ்வொரு மீனின் தசையினுள்ளும் அரிசி போன்ற சிறு மின்னணுச் சில்லு செருகப்படுகிறது. அதன் எண் சான்றிதழில் எழுதப்படுகிறது. மலேசியாவில் 2008-இல் இயற்றப்பட்ட அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகச் சட்டம் இவ்வொழுங்கிற்கு வலுச் சேர்த்தது.

இவ்வாறு கெலிசா என்னும் உயிர்வகை பிழைத்தது. பண்ணைக் குளங்களிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் அது பெருகிவிட்டது. ஆனால் காட்டு நீரில் அஃது இன்னும் அழிநிலை உயிராகவே அனைத்துலகப் பட்டியலில் நிற்கிறது. பிடித்தது ஒரு காரணம். நீர் கெட்டது மற்றொன்று. குராவ் ஆற்றின் மேற்பகுதியில் காடு வெட்டியதாலும் நிலம் திருத்தியதாலும் வண்டல் இறங்கி ஏரியைத் தூர்க்கிறது. சதுப்புக் காடுகள் சுருங்கின. ஏரியை அடுத்துள்ள போண்டோக் தஞ்சோங் காட்டு ஒதுக்கம் போன்ற சிலவே எஞ்சி நிற்கின்றன. தொட்டியில் ஒரு மீன் பிறப்பதனால் புதரடியில் ஒரு மீன் பிறந்துவிடாது என்பதை இவ்வரலாறு தெளிவுறக் காட்டுகிறது.

வீட்டில் வளர்ப்போர் அறியவேண்டுவன

இதனால் வீட்டில் கெலிசா வளர்ப்பது தவறு என்று கூற வந்தேனல்லேன். முறைப்படி பண்ணையில் பிறந்து, சில்லும் சான்றிதழும் உடைய மீனை வாங்குவோர் காட்டு மீனைக் கொள்ளையிடுவாரல்லர். அவர்கள் கேட்க வேண்டிய முதல் வினா ‘என்ன விலை?’ என்பதன்று, ‘எங்கே சான்று?’ என்பதே. சான்றில்லாத மலிவான மீனை மறுப்பது, ஏரிக்கரையில் நின்று ஒரு வலையைத் தடுப்பதற்கு நிகர்.

அடுத்தது இடம். விரல் நீளக் குஞ்சாக வாங்கிய மீன் சில ஆண்டுகளில் முழங்கை நீளத்தைக் கடக்கும். திரும்புவதற்கு இடமில்லாத தொட்டியில் உடல் வளையும், செவுள்மூடி சுருளும். ஆறடிக்குக் குறையாத நீளமும், இரண்டரை அடி அகலமும் உள்ள தொட்டி வளர்ந்த மீனுக்கு வேண்டும். மூடி கனமாக இருத்தல் இன்றியமையாதது. கிளையிலுள்ள பூச்சிக்குப் பாய்ந்த குலம் இது. ஈக்கும் நிழலுக்கும் எம்பி, தரையில் விழுந்து இறந்த கெலிசாக்கள் பல. நம் நாட்டு இயல்பு வெப்பமே அதற்குப் போதும். குழாய் நீரைக் குளோரின் நீக்காது ஊற்றலாகாது. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் நன்று.

உணவு ஒன்றாகவே இருத்தல் கூடாது. இறால், வெட்டுக்கிளி, சிறுமீன் எனக் கலந்து, அளவோடு இட வேண்டும். தொட்டியில் வளரும் கெலிசாவுக்குக் கண் கீழ்நோக்கிச் சரியும் குறை ஒன்று அடிக்கடி வருவதுண்டு. மிகைக் கொழுப்பும், எப்பொழுதும் கீழே பார்த்து வாழ நேர்வதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அதனை அறுவை செய்து நிமிர்த்தித் தருவோரும் உளர். மேலே பார்த்து வேட்டையாடப் படைக்கப்பட்ட கண், கண்ணாடிக்குள் கீழே பார்க்கப் பழகி, பின்னர்க் கத்தியால் நிமிர்த்தப்படுகிறது. வளர்ப்போர் இதனை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக, வளர்க்க இயலாதபொழுது என் செய்வது? இவ்வினாவுக்குக் கிந்தா சமவெளி கசப்பான விடை தருகிறது. 1985-இல் ஈய விலை வீழ்ந்த பின்னர்க் கைவிடப்பட்ட ஈயக்குட்டைகள் ஈப்போ, பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் எண்ணற்றுக் கிடக்கின்றன. தொட்டியை மிஞ்சி வளர்ந்த அயல்நாட்டு மீன்களை அவற்றில் விடுவோர் உளர். தென்னமெரிக்காவின் மயில் வண்ண வேட்டை மீனும், தொட்டிக் கண்ணாடியில் பாசி தின்ன வாங்கப்படும் ஓட்டுத் தோல் மீனும் இந்நாட்டு நீர்களில் பெருகி, உள்நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கின்றன. நம் நாட்டுத் தோமானும் இதற்கு விலக்கன்று. செந்நிறக் கோடுகளுடன் அழகாக இருக்கும் அதன் குஞ்சு, வளர்ந்தால் மீட்டர் நீளப் பெருமீன். பிற நாடுகளின் நீரில் புகுமோ என்று அஞ்சி, அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2002-இல் விரால் குலம் முழுவதன் இறக்குமதியையும் தடுத்தன. ஆகவே, வேண்டாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பாளர்க்கோ கொடுத்தல் வேண்டும். ஆற்றிலும் குட்டையிலும் விடுவதை அறம் எனக் கருதுதல் பிழை.

முடிவுரை

ஒன்றைக் காப்பதற்கு இருவழிகள் உள. நம்முடையதாக்கிக்கொண்டு காப்பது ஒன்று. தொடாதிருந்து காப்பது மற்றொன்று. கண்ணாடித் தொட்டி முதல் வழி. சிருங்கேரிப் படித்துறையும் தோக் காடோக்கின் சூளும் இரண்டாம் வழி. கெலிசாவின் வரலாற்றில் முதல் வழி ஓரளவு வென்றது, மீன் உயிரோடிருக்கிறது. இரண்டாம் வழியை நாம் இன்னும் மேற்கொள்ளவில்லை. ஆதலின் ஏரி வறிதாகிறது.

அவ்வழி இயலாததன்று. சபாவில் ‘தாகால்’ என்றும் சரவாக்கில் ‘தாகாங்’ என்றும் வழங்கும் முறைப்படி, ஊரார் கூடி ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிப்பதில்லை என முடிவு செய்து, கெலா இனத்தை மீட்டுள்ளனர். பேராக்கின் வடகோடியில் 2007-இல் அரச பெலும் மாநிலப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஆறுகள் கெலாவின் புகலிடமாக விளங்குகின்றன. புக்கிட் மேராவின் புதரடியிலும் இதுபோன்றதொரு கட்டுப்பாடு வேர்கொள்ளுமாயின், பண்ணைக் குஞ்சுகளை மீண்டும் ஏரியில் விடுவதற்கும் பொருள் உண்டாகும். நீரைக் காவாது மீனை மட்டும் விடுவது, வேலியில்லா நிலத்தில் நாற்று நடுவதை ஒக்கும்.

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அறிவியல் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. மீனின் உறுப்புகளைப் படம் வரைந்து பெயரெழுதக் கற்பிக்கிறோம், அது தேவையே. அதனோடு குராவ் ஆறு எங்குப் பிறக்கிறது, புக்கிட் மேரா நீர் எவ்வயலுக்குப் பாய்கிறது, அச்சதுப்பில் கால்வாய் வெட்டியவர் யார் என்பவற்றையும் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும். கிரியான் மண்ணில் மாண்ட கரும்புத் தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் உழைத்த நிலத்தின் நீரும், அந்நீரின் மீனுமாவது நம் பிள்ளைகளுக்குப் பெயரோடு தெரிந்திருக்கட்டும். தொட்டியிலுள்ள மீன் எங்கிருந்து வந்தது என்று வினவும்பொழுது, “புக்கிட் மேராவிலிருந்து” என்று ஒரு மாணவன் விடை கூறுவானாயின், அந்த ஏரியைப் பற்றிக் கவலைப்பட ஒருவன் கிடைத்துவிட்டான் என்று நாம் நம்பலாம்.